ஐந்தே முக்கால்

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் 5 என்று எழுதி, அதன் தோள்மேல் சின்னதாக ஒரு 3 போட்டு, "இது எவ்வளவுடா?" என்றார். அடுக்குக்குறிப் பாடம் அன்றைக்குத்தான் ஆரம்பம். யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். கையைத் தூக்கி, "அஞ்சேமுக்கால் சார்" என்றேன்.

வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை; அவர்கள் வீட்டிலும் டேனரிக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். வாத்தியார் வெளியூர்க்காரர். 125 என்று எழுதிக் காட்டி, என் தலையில் ஒரு குட்டு வைத்து உட்காரச் சொன்னார்.

ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பதனிட்டு முடிந்த தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கில். ஒவ்வொரு தோலையும் அளந்து, சதைப்பக்கத்தில் ஒரு மூலையில் அளவை எழுதிவிடுவார்கள். கால் சதுர அடி வரை கணக்கு உண்டு. முழு எண்ணைப் பெரிதாக எழுதி, எத்தனை கால் என்பதை அதன் தோள்மேல் சின்னதாகப் போடுவார்கள். 5¹ என்றால் ஐந்தேகால், 5² என்றால் ஐந்தரை, 5³ என்றால் ஐந்தே முக்கால். எங்கள் நைனாவின் வேலை அந்த எண்களை எழுதுவது.

அளவு மிஷினின் ஒரு பக்கம் ஒருவர் தோலை விரித்து உள்ளே விடுவார். மறுபக்கம் நைனா அதை வாங்கி, மேலே இருக்கும் வட்ட முகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, "அஞ்சரை", "நாலேமுக்கால்" என்று கூவிக்கொண்டே பென்சிலால் எழுதுவார். கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஏற்றுவார். நாள் முழுக்க இதுதான். வீட்டுக்கு வந்தபிறகும் நைனாவின் பேச்சில் பின்னங்கள் விழுந்துகொண்டே இருக்கும். "முக்கா மணி நேரமா கூப்புடுறேன், இன்னாடா பண்ற?" என்பார். அது சரியாக முக்கால் மணி நேரமாகவும் இருக்கும்.

பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போகும் சாக்கில் அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடுக்காய், சுண்ணாம்பு, ஈரத்தோல் எல்லாம் சேர்ந்த அந்த வாடை வெளியூர்க்காரர்களுக்குக் குமட்டும். எங்களுக்கு அது அப்பாக்களின் வாடை. மிஷினில் குறுக்கு வாட்டில் வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் நெருக்கமாக ஊசிகள். தோல் அடியில் போகும்போது ஊசி உள்ளே அமுங்கும், அமுங்கிய ஊசி பல்சக்கரத்தைத் தள்ளும். தோல் இல்லாத இடத்தில் ஊசி அமுங்காது, எதையும் தள்ளாது. இப்படி ஒவ்வொரு சக்கரமும் தன் கீழே எவ்வளவு நீளம் தோல் போனது என்று மட்டும் சொல்லும். எல்லாச் சக்கரமும் சொன்னதைக் கூட்டி முள் காட்டும். ஆட்டுத்தோலுக்கு நாலு கால் உண்டு, கழுத்து உண்டு, வயிற்றோரம் நெளிவு உண்டு. எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத உருவம். சக்கரத்துக்கு அந்த உருவம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இது தொகை நுண்கணிதம் என்று வாணியம்பாடியில் பி.எஸ்சி. சேர்ந்த முதல் வருஷம் தெரிந்தது. பரப்பைக் குறுகிய பட்டைகளாக அறுத்து, பட்டைகளின் பரப்பைக் கூட்டு. பட்டை எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவுக்கு விடை உண்மையை நெருங்கும். ஜெர்மனியின் ரீமான் பேரைச் சொல்லிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே நைனா ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் செய்கிறார்!

படித்த பையனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்தது. மேஸ்திரி கழித்துப்போட்ட ஒரு ஆட்டுத்தோல் வீட்டில் கிடந்தது. நைனாவின் கையெழுத்தில் 5³. அதைப் பழைய செய்தித்தாள்மேல் விரித்து, ஓரம் வரைந்து, அங்குலத்துக்கு அங்குலம் கட்டம் போட்டு எண்ணினேன். முழுக்கட்டங்களை எண்ணி, ஓரத்தில் வெட்டுப்பட்டவற்றைப் பாதி பாதியாகச் சேர்த்தேன். ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஐந்தே முக்காலுக்கு 828 வர வேண்டும். எனக்கு வந்தது 806. திரும்ப எண்ணினேன். 806தான். ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தே முக்காலுக்கு நிறையக் கீழே.

ராத்திரி நைனா கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சொன்னேன். மிஷின் கூடுதலாகக் காட்டுகிறது, ஒரு தோலுக்கு 22 சதுர அங்குலம், ஒரு நாளைக்கு எத்தனை தோல் என்று பெருக்கிப் பார் என்றேன். நைனா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "மிஷினு பொய் சொல்லுதா, நான் பொய் எழுதுறனா?" என்றார். நான் மிஷினைத்தான் சொன்னேன் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்டா. எவன் சோத்துல மண்ணைப் போடப் பாக்குற?" அதற்குமேல் பேசவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

கல்லூரியில் எங்களுக்கு நுண்கணிதம் எடுத்தவரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டங்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். தோலை மிஷினில் அளந்தது என்றைக்கு? நீ அளந்தது என்றைக்கு? நடுவில் தோல் எங்கே இருந்தது?

நடுவில் தோல் கோடை முழுக்க ஓட்டுவீட்டுப் பரணில் கிடந்தது. தோல் காய்ந்தால் சுருங்கும் என்பது ஆம்பூரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரீமானைப் படித்த வேகத்தில் மறந்துவிட்டேன். நைனாவிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அந்த வயதில் அது வரவில்லை.

சார் என்னைக் கேலி செய்யவில்லை. "அளந்தது தப்பில்லை. ஆனா இன்னொருத்தன் இதை எடுத்துச் சரிபார்க்கிற மாதிரி எழுதலை. நாள், வெயில், ஈரம் எல்லாம் எழுதியிருந்தா நீயே கண்டுபிடிச்சிருப்ப" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, பழுப்புக் காகித அட்டை போட்ட சஞ்சிகைகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். 'தி மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்'. வெளியிடுவது இந்தியக் கணிதக் கழகம். சார் அதில் உறுப்பினர். அப்படி ஒரு சங்கம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த சங்கங்கள் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும்தான். கணக்குக்குச் சங்கம் எதற்கு, யாரிடம் கூலி உயர்வு கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கழகத்தின் கதையைச் சார் பல நாள் துண்டு துண்டாகச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். அதைத் தொடங்கியவர் பேராசிரியர் அல்ல, வி. ராமஸ்வாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர். அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் வேலை. பகலில் நில வரியும் பட்டா வழக்கும், மிச்ச நேரத்தில் முக்கோண வடிவியல். 1906 டிசம்பர் 25 அன்று, ஊரெல்லாம் விடுமுறையில் இருக்க, அவர் கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். விஷயம் எளிமையானது. ஐரோப்பாவில் கணிதத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அங்கிருந்து சஞ்சிகைகளும் நூல்களும் வரவழைக்க வேண்டும். தனி ஆள் வாங்கினால் கட்டாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கூட்டாக வாங்கி, அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படிக்கலாம்.

படித்ததும் எனக்குச் சீட்டுக் கட்டுகிற பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். தனியாக முடியாததைச் சேர்ந்து முடிப்பது. லண்டனில் 1865-லேயே கணிதச் சங்கம் வந்துவிட்டது. அங்கே பல்கலைக்கழகமும் நூலகமும் பக்கத்திலேயே இருந்தன. இங்கே நூல் இல்லாதவர்கள் நூலுக்காகக் கூடினார்கள். 1907 ஏப்ரல் 4-ல் இருபது பேரோடு கழகம் பிறந்தது. முதலில் வைத்த பெயர் அனலிட்டிக் கிளப். 1910-ல் இன்றைய பெயர் வந்தது. புனேயின் பெர்குசன் கல்லூரியில் நூலகம் வைத்தார்கள். 1909-ல் பெங்களூர் சென்ட்ரல் காலேஜின் எம்.டி. நாராயண ஐயங்காரை ஆசிரியராகக் கொண்டு சொந்த சஞ்சிகையும் வரத் தொடங்கியது.

1910-ல் ராமஸ்வாமி ஐயர் திருக்கோயிலூரில் இருந்தார். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை கேட்டு, கையில் நோட்டுப் புத்தகங்களோடு கும்பகோணத்துப் பையன் ஒருவன் வந்து நின்றான். எஃப்.ஏ. தேறாதவன். ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேலை தர மறுத்தார். இவ்வளவு தெரிந்தவனை வருவாய்த் துறையின் அடிப்படியில் போட்டு அமுக்க அவருக்கு மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்தப் பையன் ராமானுஜன் என்பதும் பிற்பாடு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது இது: சென்னையில் அவருக்குக் கைகொடுத்தவர்களைக் கணக்கெடுத்தால் பாதிப் பேர் கழகத்துக்காரர்கள். மாதம் தோறும் பணம் கொடுத்த நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் கழகத்தின் செயலாளர். போர்ட் டிரஸ்டில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்து இரவில் சிலேட்டில் கூடவே கணக்குப் போட்ட எஸ். நாராயண ஐயர் கழகத்தின் பொருளாளர். வருவாய்த் துறை, துறைமுகம், கல்லூரி என்று வெவ்வேறு இடத்தில் சம்பளம் வாங்கியவர்கள். இங்கிலாந்தின் ஹார்டி பிற்பாடுதான் வந்தார்.

கழகத்தின் சஞ்சிகையில் 1911-ல் ராமானுஜன் சில கேள்விகள் வெளியிட்டார். அதில் 289-ஆம் எண் கேள்வியைச் சார் எனக்கு ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.

√(1+2√(1+3√(1+4√(1+…)))) இதன் மதிப்பு என்ன?

ஆறு மாதம் காத்திருந்தும் வாசகர்கள் யாரும் விடை அனுப்பவில்லை, ராமானுஜனே சொன்னார். நான் வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரும் பாசஞ்சர் வண்டியில் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டித் தோற்றேன். பிறகு சார் காட்டினார். 3 என்பது √9. 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1+4×6. இப்படியே உரித்துக்கொண்டே போனால் கேள்வி அப்படியே வந்து நிற்கிறது. விடை 3.

வாய் பிளந்து நின்ற என்னைப் பார்த்து, "அவசரப்படாதே. இதே வழியில 4-ன்னும் காட்டலாம்" என்றார். காட்டினார். 4 என்பது √16. 16 என்பது 1+2×7½. அந்த ஏழரையை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, மூன்றால் வகுத்து உள்ளே தள்ளு. இதுவும் முடிவில்லாமல் போகும். அப்படியானால் விடை 3-ஆ 4-ஆ? உரிப்பது மட்டும் போதாது. உள்ளே உள்ளே போகும்போது மிச்சம் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். 3-க்கு அது கட்டுக்குள் இருக்கிறது, 4-க்குக் கட்டுமீறிப் போகிறது. இப்படிப்பட்ட அடுக்கு மூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் நிற்கும் என்பதற்கான நிபந்தனையைத் தந்தவர் டி. விஜயராகவன்; 1927-ல் வந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் அவர் குறிப்பு இருக்கிறது. அதே விஜயராகவன்தான் அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் நிறுவனத்தின் முதல் இயக்குநர். கழகத்தின் நூலகமும் புனேயிலிருந்து கடைசியில் அந்த நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தது.

எம்.எஸ்சி. படிக்கச் சென்னை போனபோது சேப்பாக்கத்தில் அந்த நூலகத்துக்குப் போய், 1911-ஆம் வருஷத் தொகுதியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். 289 நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக அச்சாகியிருந்தது. முன்னும் பின்னும் வேறு யார் யாரோ கேட்ட கேள்விகள். அதே வருஷம் அதே சஞ்சிகையில் வந்த பெர்னோலி எண்கள் பற்றிய கட்டுரைதான் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை. அதை அச்சுக்குக் கொண்டுவர நாராயண ஐயங்கார் பட்ட பாடு கொஞ்சமல்ல. வழிமுறை புதுசு, எழுத்து சுருக்கம், தெளிவு போதாது; சாதாரண வாசகன் பின்தொடர முடியாது. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியும், வந்ததைச் செப்பம் செய்தும், கடைசியில் வெளியிட்டார். ராமானுஜனை இங்கிலாந்து செதுக்கியது என்று சொல்கிறவர்கள் இந்த பெங்களூர் வாத்தியாரை மறந்துவிடுகிறார்கள். தனக்கு மட்டும் புரிகிற குறிகளில் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுத வைத்த முதல் ஆள் அவர். அந்த வாசக மேஜையில் எனக்கு ஏழாம் வகுப்புக் குட்டு ஞாபகம் வந்தது. 5³ என்று எழுதியது தப்பல்ல. எந்தச் சபையில் எழுதுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பி முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் கணக்கு நடத்தினேன். அடுக்குக்குறிப் பாடம் வந்தால் முதலில் பிள்ளைகளைத்தான் கேட்பேன், 5³ எவ்வளவு என்று. ஆரம்ப வருஷங்களில் ஒரு வகுப்புக்கு நாலைந்து பேராவது "அஞ்சேமுக்கால்" என்பார்கள். அவர்களை நிற்க வைத்து, ஏன் என்று மற்றவர்களுக்கு விளக்கச் சொல்வேன். பிறகு 125-க்குப் போவோம்.

முதல் சம்பள பாக்கி வந்த வருஷம் கழகத்தில் ஆயுள் உறுப்பினர் ஆனேன். வீட்டில் கொஞ்சம் சண்டை. சஞ்சிகையில் வரும் கட்டுரைகளில் பத்துக்கு எட்டு எனக்குப் புரியாது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஒவ்வொரு இதழையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவேன். தபால்காரர் ஒருமுறை நைனாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டுவார். எண்கள் நன்றாகத் தெரியும். நான் வந்தபோது இதழைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். "எல்லாம் தலைமேல சின்ன எண்ணா போட்டிருக்கான், இவன் எந்த டேனரிடா?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அன்றைக்குத்தான், பதினைந்து வருஷம் கழித்து, பரணில் காய்ந்த தோலைப் பற்றிச் சொன்னேன். "அப்பவே தெரியும்" என்றார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சஞ்சிகை எட்டாது. அவர்களுக்கு 1965-ல் சென்னையில் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம்தான் உதவியது. அதன் திறனறித் தேர்வுக்கு வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். பெரும்பாலும் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அம்மாக்களின் பிள்ளைகள். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு ஊரில் ஃபினிஷிங்கும் ஷூ கம்பெனிகளும் பெருகின. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். டேனரிக் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதும், அதற்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்ததும் தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் கட்டுரை முடியாது.

கழகத்தின் ஆண்டு மாநாட்டுக்கு நேரில் போக எனக்கு வாய்த்ததே இல்லை. அது இந்தியா முழுக்கச் சுற்றும், டிசம்பரில் நடக்கும், எங்களுக்கு அப்போது அரையாண்டுத் தேர்வு. ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்றிருந்தேன். 2020-ல் 86-ஆவது மாநாட்டை வேலூர் விஐடி நடத்துகிறது என்று அறிவிப்பு பார்த்தபோது நம்ப முடியவில்லை. ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கொரோனா வந்தது. டிசம்பர் 17 முதல் 20 வரை மாநாடு முழுக்க இணையவழியில் நடந்தது. வாழ்நாளில் ஒரே முறை கழகம் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது, நான் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் பேத்தியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குச் சில மாதம் முன்பு பழைய மாணவன் ஒருவன் தன் டேனரியில் வைத்திருக்கும் அளவு மிஷினைக் காட்டினான். ஊசிச் சக்கரம் கிடையாது. தோல் ஒரு ஒளிக்கோட்டின் கீழே போகிறது, கம்ப்யூட்டர் கூட்டிக்கொள்கிறது, எண்ணை மிஷினே அச்சடித்துவிடுகிறது. கூவுகிறவர் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. பட்டைகளாக அறுத்துக் கூட்டுவது மட்டும் மாறவில்லை. பட்டை இன்னும் மெலிந்திருக்கிறது.

மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போது பேத்திதான் தட்டச்சு செய்தாள். பெயர் கேட்டது, சொன்னேன். அடுத்த கட்டத்தில் எந்த நிறுவனம் என்று கேட்டது. "தாத்தா, நீங்கதான் ரிட்டயர்டு ஆச்சே, இன்னா போடறது?" என்றாள். குத்தியிலிருந்த டெபுடி கலெக்டருக்கும் கல்லூரி எதுவும் இல்லை.

"ஆம்பூர்னு போடு" என்றேன். ஏற்றுக்கொண்டது.